முப்பது சஹனும் நூற்றெண்பது பேரும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஸுஹைறா ராத்தாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தக் கோபம் முழுவதும் என் பக்கமே திரும்பிவிடுகிறது. இதை எழுதி முடிக்கும்வரை யாரும் என்னோடு கதைக்க வராமல் இருப்பது அவர்களுக்கு நல்லது.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். ராத்தா என்றால் அக்கா, வயதில் மூத்தவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு நாற்பத்து நான்கு வயது. கல்முனைக்குடியில் கடற்கரைக்குப் போகிற ஓர் ஒழுங்கையில் வீடு. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. கணவர் பஸால் ஒலுவில் துறைமுகத்திலிருந்து படகுக்குப் போகிறவர். முதுகில் அடிபட்டு அவர் ஒரு வருடம் பாயில் கிடந்தபோது ராத்தா பிட்டு அவித்து விற்றார். பிறகு கல்யாண வீடுகளுக்கு வெங்காயம் உரிக்கப் போனார், பிறகு கறிக்கு நின்றார், கடைசியில் சோறு ஆக்குகிற பெரிய அண்டாவான கிடாரத்துக்கே பொறுப்பாளியாக நின்றார். எங்கள் பக்கத்தில் கிடாரத்தடியில் ஆண்கள்தான் நிற்பார்கள். "பொம்புள கிளறினா சோறு குழைஞ்சிரும்" என்று ஒரு சமையற்காரர் சொன்னாராம். "குழைஞ்சா முழுக்க நான் தின்டு முடிக்கிறன். குழையல்லாட்டி நீங்க தின்னுங்க" என்று சொல்லி ராத்தா அவர் கையிலிருந்த அகப்பையை வாங்கினாராம். அன்றைக்கு அந்த மனிதர் மூன்று தரம் சோறு கேட்டதாகக் கதை.

விருந்துச் சோறு எங்களுக்குத் தனித் தட்டில் வராது. சஹன் என்று ஒரு பெரிய வட்டத் தட்டு. நடுவில் நெய்ச்சோறு, அதன் மேல் இறைச்சியும் கோழியும், சுற்றிலும் ஆறு பேர். ஆறு கையும் ஒரே சோற்றுக்குள் போகும். அதனால் நாங்கள் ஆட்களை எண்ணுவதில்லை, சஹனைத்தான் எண்ணுவோம். முப்பது சஹன் என்றால் நூற்றெண்பது பேர். வாய்ப்பாடு தெரியாதவருக்கும் இந்த ஆறாம் வாய்ப்பாடு தெரியும். இன்னொன்று, கல்யாணம் சொல்லப் போகும் வீட்டில் "எத்தனை பேர் வருவீங்க" என்று கேட்கக் கூடாது. கேட்டால், சோற்றை அளந்து போடுகிற குடும்பம் என்று பெயர் வந்துவிடும். "வீட்டோட வாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

சென்ற வருடம் என் தம்பி றஸ்மியின் வலீமா, அதாவது மாப்பிள்ளை வீட்டுக் கல்யாண விருந்து. சமையல் ஸுஹைறா ராத்தா. ஆண்களுக்கு வீதிக்கு அப்பால் ஒரு மண்டபத்தில் பந்தி, பெண்களுக்கு எங்கள் வீட்டில். வாப்பா முப்பது சஹன் என்று சொல்லியிருந்தார். அன்று காலை கிடாரம் இறக்குகிற நேரம் ராத்தா வியர்வையைத் துடைத்தபடி என்னிடம் வந்தார்.

"டீச்சர், ஆம்பிளைகளுக்கு எத்தின சஹன் அனுப்புற? பொம்புளைகளுக்கு எத்தின வெக்கிற?"

நான் சாரிக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன். வாயிலும் இரண்டு ஊசி. நான் பத்தாம் பதினோராம் வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவள், என்னிடம் கணக்குக் கேட்டால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

"மொத்தம் எத்தனை பேராம்?" என்று கேட்டேன்.

"நூத்தியெண்பது என்டு வாப்பா சொன்னாரு."

"அப்ப பதினைஞ்சும் பதினைஞ்சும். பதினைஞ்சும் பதினைஞ்சும் முப்பது. ஆறால பெருக்கினா தொண்ணூறும் தொண்ணூறும் நூற்றெண்பது. ரெண்டும் சரியா வருதுதானே?"

"ஓம், சரியாத்தான் வருது" என்று ராத்தா போய்விட்டார்.

விடையைச் சமன்பாட்டில் பிரதியிட்டுச் சரிபார்க்காமல் அடுத்த கணக்குக்குப் போகாதீர்கள் என்று வகுப்பில் தொண்டை வற்றக் கத்துகிறவள் நான். சரிபார்த்தேன். சரியாக வந்தது. ஊசியைக் குத்தி முடித்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

பகல் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டில் பதினைந்து சஹனும் முடிந்துவிட்டது. மணப்பெண் வீட்டிலிருந்து வந்த இருபத்து நான்கு பெண்கள் கை கழுவிவிட்டு, ஈரக் கையோடு பாயில் இருந்தார்கள். இருந்தார்கள், இருந்தார்கள், இருந்துகொண்டேயிருந்தார்கள். மண்டபத்துக்குப் போன் எடுத்தால் "இஞ்ச ஒண்டும் இல்ல, எல்லாம் முடிஞ்சி" என்றார்கள். முக்கால் மணித்தியாலம் கழித்து ராத்தா வெள்ளைச் சோறும் முட்டைப் பொரியலும் செய்து வைத்தார். உம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

வாப்பாவின் தங்கை உம்முஹானி மாமிதான் முதலில் அதைச் சொன்னார். "நூத்தியெண்பது பேருக்கு ஆக்கின சோறு நூத்தியெண்பது பேருக்குக் காணாமப் போறதென்டா, அது நடந்து போயிருக்கா? ஆரும் கொண்டு போனாத்தான் போகும்." மாமி ஒரு சொல் சொன்னால் அஸர் தொழுகைக்குள் அது மருதமுனைக்குப் போய்விடும். மஃரிப் தொழுகைக்குள் நிந்தவூருக்கும் போய்விட்டது. ஸுஹைறா சோற்றை ஒளித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. அந்த மாதமே பேசி வைத்திருந்த மூன்று விருந்துகள் ராத்தாவின் கையை விட்டுப் போயின. ஊரார் வீட்டு அரிசியும் நெய்யும் நம்பி ஒப்படைக்கப்படுகிற தொழிலில் களவு என்ற சொல் ஒட்டினால் பிறகு அகப்பையைத் தொட முடியாது.

நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் ராத்தா என் வீட்டுக்கு வந்தார். அழுவார் என்று நினைத்துத் தேநீர் போடப் போனேன். "தேத்தண்ணி வேணாம். போர்ட்டுக்கு முன்னால நில்லுங்க" என்றார். நான் தனியார் வகுப்பு எடுக்கும் வெள்ளைப் பலகை விறாந்தையில் இருந்தது. ராத்தா இடுப்பில் செருகியிருந்த பையை அவிழ்த்து, பேரீத்தங்கொட்டை முப்பதை மேசையில் கொட்டினார்.

"மண்டபத்துல பரிமாறின முர்ஷித்தப் புடிச்சிக் கேட்டுட்டன். ஆம்பிளைகள் பதினொரு சஹனுக்குத்தான் வந்திரிக்காங்க. மிச்சம் நாலு சஹனையும் ஒங்கட தம்பிர கூட்டாளிமார் ரெண்டாந்தரம் இருந்து தின்டிரிக்காங்க. வெக்கத்துல ஆரும் சொல்லல்ல. சரி, சோறு எங்க போச்சென்டு எனக்குத் தெரியும். கணக்கு எங்க பிழைச்ச? அதக் காட்டுங்க. இன்னொருக்கா அது பிழைக்கக் கூடா."

நான் எழுதினேன். ஆண்கள் சஹன் 'ஆ', பெண்கள் சஹன் 'பெ'.

ஆ + பெ = 30
6ஆ + 6பெ = 180

முதலாவதை ஆறால் பெருக்கினேன். 6ஆ + 6பெ = 180. இரண்டாவதிலிருந்து கழிக்கப் போனபோதே என் காது சுட்டது. இடப்பக்கம் எல்லாம் வெட்டுப்பட்டது. வலப்பக்கமும் வெட்டுப்பட்டது. எஞ்சியது 0 = 0.

"சைபரும் சைபரும் சமன்" என்று வாசித்தார் ராத்தா. "அது பிட்டு அவிக்கிற காலத்துலயே எனக்குத் தெரியுமே. எங்க கா நம்மட கணக்கு?"

"ராத்தா, இது ரெண்டு சமன்பாடு இல்ல. ஒண்டுதான். முப்பது சஹன் என்டு சொல்றதும் நூற்றெண்பது பேர் என்டு சொல்றதும் ஒரே கதை. ஆறால பெருக்கி வேற உடுப்புப் போட்டிருக்கு. இதுக்கு ஒரு விடை இல்ல. எண்ணற்ற விடை இருக்கு."

"எண்ணற்ற என்டா?"

"எண்ணி முடியாது."

ராத்தா என்னை நம்பவில்லை. கொட்டைகளை இரண்டு குவியலாகப் பிரித்தார். இருபதும் பத்தும். கூட்டினார், முப்பது. ஆறால் பெருக்கச் சொன்னார், நூற்றெண்பது. ஒரு கொட்டையை இந்தக் குவியலிலிருந்து அந்தக் குவியலுக்குத் தள்ளினார். பத்தொன்பதும் பதினொன்றும். சரி. பதினெட்டும் பன்னிரண்டும். சரி. இருபத்தொன்பதும் ஒன்றும். அதுவும் சரி. கடைசியில் எல்லாக் கொட்டையையும் ஒரே பக்கம் தள்ளிவிட்டு, "ஒரு ஆம்பிளையும் வராட்டியும் இது சரியா வருமா?" என்றார்.

"வரும். கொட்டையை வெட்டி அரையும் காலுமா வெச்சாலும் வரும். அதனாலதான் எண்ணி முடியாது என்கிறன்."

ராத்தா கொட்டைகளை மறுபடி ஒன்றாகக் கலந்துவிட்டார். "அப்ப எதச் சொன்னாலும் சரி என்டு சொல்ற கணக்கு ஒண்டையும் சொல்லல்ல" என்றார். பத்து வருடமாகப் படிப்பிக்கிறேன், இவ்வளவு துப்புரவாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. பொறாமையாகக்கூட இருந்தது. பதினைந்தும் பதினைந்தும் சரியாக வந்ததைப் பார்த்து நான் ஏமாந்தேன். சரியாக வராத ஒரு பிரிப்பை அந்தக் கணக்குக்குள் தேடியிருந்தால் அன்றே விளங்கியிருக்கும்.

ராத்தா கொட்டைகளைப் பையில் போட்டார். "டீச்சர், பதினைஞ்சு சொன்னது நீங்க. அத நீங்கதான் சொல்ல வேணும். நான் சொன்னா, கள்ளி கதை கட்டுறா என்டுதான் சொல்லுவாங்க."

"நேரம் பார்த்துச் சொல்றன் ராத்தா."

"நேரம் பாருங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

இரண்டு மாதம் நேரம் பார்த்தேன். எழுபது பிள்ளைகள் என்னிடம் வகுப்புக்கு வருகிறார்கள். தம்பி கல்யாணத்துச் சோற்றைப் பிரிக்கத் தெரியாத டீச்சரிடம் யார் பிள்ளையை அனுப்புவார்? உள்ளதைச் சொன்னால் இவ்வளவுதான் என் நேரம் பார்த்தல். ராத்தா அந்த இரண்டு மாதமும் மறுபடி பிட்டு அவித்தார். கேட்டவரிடமெல்லாம் "நான் களவெடுக்கல்ல" என்று மட்டும் சொன்னார். கேட்காதவரிடமும் சொன்னார்.

பிறகு நிந்தவூர் கச்சிமுகம்மது ஹாஜியார் வீட்டில் கல்யாணம் வந்தது. அவருடைய வழக்கமான சமையற்காரர் மக்காவுக்கு உம்றா போய்விட்டார், வேறு ஆளும் கிடைக்கவில்லை. கடைசியில்தான் ராத்தாவுக்குச் சொல்லி அனுப்பினார். ராத்தா போகிற வழியில் என் வீட்டு வாசலில் ஓட்டோவை நிறுத்தினார். "ஏறுங்க டீச்சர். இந்தத் தரம் பிழைச்சா ரெண்டு பேரும் சேந்து பிழைப்பம்."

ஹாஜியார் முன் விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினார். மரியாதையான மனிதர், ஆனால் ராத்தாவைப் பார்த்த பார்வையில் களவு என்ற அந்தச் சொல் இருந்தது. "அறுவது சஹன் புள்ள. முன்னூத்தி அறுவது பேர். அரிசி, சாமான் எல்லாம் என்ட மருமகன் பளீல் நிறுத்துத் தருவாரு. மிச்சமும் நிறுத்து எடுப்பாரு."

ராத்தா அந்தக் குத்தலை விழுங்கிக்கொண்டார். "ஆம்பிளைகளுக்கு எத்தின, பொம்புளைகளுக்கு எத்தின ஹாஜியார்?"

"அதப் பிரிச்சிப் பாத்துக்கங்க. முழுக் கணக்கும் தந்திட்டன்தானே. அறுவது, முன்னூத்தி அறுவது. ரெண்டு கணக்கு."

"ரெண்டு இல்ல, ஒண்டு. ஒரு கதையத்தான் ரெண்டு தரம் சொல்லியிரிக்கீங்க. எனக்கு இன்னொண்டு வேணும். இல்லாட்டி நான் அடுப்பு மூட்டமாட்டன்."

ஹாஜியாரின் முகம் சிவந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்த ஒரே வேலை அது, அதையும் இந்த மனுசி உதைக்கிறார்! மெல்ல முழங்கையால் இடித்தேன். ராத்தா அசையவில்லை. "சொன்ன வீடுகளுக்குத் திரும்பப் போய்த் தலை எண்ணச் சொல்றியா புள்ள? என்ட மானம் என்னாகும்?" என்றார் ஹாஜியார். "அதச் செய்யச் சொல்லல்ல" என்றார் ராத்தா, "அறுவதுலருந்து பெருக்கி எடுக்காத ஒரு கணக்கு இந்த வீட்டுல இரிக்கும். அதத் தாங்க."

பேச்சு முறியப் போகிற நேரம் ஹாஜியாரின் போன் அடித்தது. வட்டிலப்பம் என்கிற விருந்து இனிப்பைச் செய்கிற வீட்டிலிருந்து. கேட்டுக்கொண்டிருந்தவர் சினந்தார். "தொண்ணூத்தியெட்டா? ஆரு சொன்ன? அறுவது சஹனுக்குத் தொண்ணூத்தியெட்டுக் கோப்பை என்னத்துக்கு? வீட்டுல பிழையாச் சொல்லிட்டாங்க. வெட்டிப் போட்டு அறுவது என்டு எழுது..."

"வெட்டாதீங்க!" ராத்தா கதிரையை விட்டு எழும்பியே விட்டார். "ஹாஜியார், அல்லாஹ்வுக்காக வெட்டாதீங்க. தொண்ணூத்தியெட்டு ஆரு சொன்ன?"

எங்கள் விருந்தில் ஆண்களின் சஹனுக்கு வட்டிலப்பம் ஒரு கோப்பை வைப்பார்கள். பெண்களின் சஹனுக்கு இரண்டு, மடியில் இருக்கும் பிள்ளைகளுக்காக. இது ஹாஜியாருக்குத் தெரியாது. அறுபது வயதுவரை எத்தனையோ விருந்து தின்றிருக்கிறார், பெண்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று அவர் ஏன் பார்க்கப் போகிறார்? நான் கைப்பையிலிருந்த கல்யாண அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதினேன்.

ஆ + பெ = 60
ஆ + 2பெ = 98

கழித்தேன். இந்தத் தரம் எல்லாம் வெட்டுப்படவில்லை. ஒரு 'பெ' தப்பி நின்றது. நான் எழுதி முடிக்குமுன் ராத்தா சொல்லிவிட்டார். "பொம்புளைகளுக்கு முப்பத்தெட்டு. ஆம்பிளைகளுக்கு இருவத்திரெண்டு."

"ஓம், முப்பத்தெட்டுத்தான்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. ஹாஜியாரின் மனைவி நதீரா, கையில் பாதி உரித்த பூண்டோடு வாசலுக்கு வந்தார். "ராத்தாமார், தங்கச்சிமார், அவங்கட பொம்புளப் புள்ளைகள் என்டு வளவு வளவா நானும் மகளும் எண்ணித்தான் சொன்ன. ஆம்பிளைகள்ல பாதிப் பேர் வேளாண்மை வெட்டுக்குச் சாகாமத்து வயலுல. பொம்புளைகள் வராம இரிப்பாங்களா?"

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் ஒரு வளவுக்குள் உம்மா, மகள்மார், பேத்திமார் என்று மூன்று நான்கு அடுப்பு எரியும். "வீட்டோட வாங்க" என்றால் அத்தனை அடுப்பும் அணைந்து, அத்தனை பெண்களும் வருவார்கள். இதெல்லாம் தெரிந்திருந்தும் பதினைந்தும் பதினைந்தும் என்றவள் நான்.

"இத ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?" என்று ஹாஜியார் கேட்டார்.

"என்னட்ட ஆரு கேட்ட?" என்றுவிட்டு நதீரா பூண்டை உரிக்கப் போனார். ஹாஜியார் போனில், "தொண்ணூத்தியெட்டே இரிக்கட்டும்" என்றார்.

விருந்தன்று நான் பெண்கள் பக்கம் பாயில் இருந்தேன். பளீல் ஒரு சிட்டையோடு கிடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ராத்தா இருபத்திரண்டு சஹனை எண்ணி ஆண்களுக்கு அனுப்பினார். மிச்சத்தை வரிசையாக எங்கள் பக்கம் இறக்கினார். இருபது, முப்பது, முப்பத்தைந்து. முப்பத்தெட்டாவது சஹனில் நான்கு பேர் இருந்தார்கள். ஈரக் கையோடு ஒருவரும் காத்திருக்கவில்லை. ஆண்கள் பக்கமிருந்தும் போதாது என்று சத்தம் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. ராத்தா தப்பிவிட்டார் என்று நினைத்தேன்.

என் சஹனில் எனக்கு நேரெதிரே உம்முஹானி மாமி இருந்தார். ஹாஜியார் வீட்டார் அவருக்கும் சொந்தக்காரர். ஒரு இறைச்சித் துண்டைப் பிய்த்து எனக்கு முன்னால் வைத்தபடி, சுற்றியிருந்தவர்களுக்குச் சொன்னார்: "இண்டைக்குச் சோறு காணும்தானே? காணாம என்ன செய்யும். பளீல் கண்ண எடுக்காம நிண்டாரு. காவல் வெச்சா எந்தக் கள்ளியும் நல்லவதான்."

மற்ற நால்வரும் சிரித்தார்கள். ராத்தா இரண்டு சஹன் தள்ளிக் கறிச்சட்டியோடு நின்றார். அவருக்குக் கேட்டது. முகத்தைப் பார்த்தேன், தெரிந்தது. இனி எத்தனை விருந்தை அவர் சரியாக ஆக்கிக் கொடுத்தாலும் மாமியின் கதையும் அதோடு ஒத்துத்தான் போகும். காவல் இருந்தது, அதனால் எடுக்கவில்லை. அடுத்த முறையும் அப்படியே. அந்தக் கதையை முறிக்க வேறொரு செய்தி வேண்டும். அது என் வாயில் மட்டும்தான் இருந்தது, இரண்டு மாதமாக.

சோற்றிலிருந்து கையை எடுத்தேன். "மாமி, றஸ்மிர வலீமாவுக்குப் பதினைஞ்சும் பதினைஞ்சும் என்டு பிரிச்சது நான்."

"என்ன?"

"ராத்தா என்னட்டத்தான் கேட்டா. நான் யோசிக்காமச் சொன்னன். பொம்புளைகளுக்குப் பத்தொன்பது வேணும், பதினைஞ்சுதான் வெச்சது. மிச்ச நாலும் ஆம்பிளைகள்ட பக்கம் போய், றஸ்மிர கூட்டாளிமார் ரெண்டாந்தரம் இருந்து தின்டாங்க. முர்ஷித்தக் கேளுங்க. ஸுஹைறா ராத்தா ஒரு பருக்கையும் எடுக்கல்ல. எனக்கு மூணாம் நாளே தெரியும். பயத்துல வாயப் பொத்திக்கிட்டு இருந்தன்."

பக்கத்துச் சஹன்களிலும் கைகள் நின்றன. "நீ கணக்கு டீச்சர்தானே?" என்றார் மாமி.

"ஓம். பிழையாச் சொன்ன கணக்கு டீச்சர்."

ராத்தா கறிச்சட்டியைக் கீழே வைத்தார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை, அதற்கு நான் தகுதியானவளும் இல்லை. நேரே வந்து மாமிக்கு முன்னால் நின்றார்.

"இப்ப சொல்லுங்க. நான் கள்ளியா?"

மாமி சோற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இல்ல கா" என்று முணுமுணுத்தார்.

"களவென்டு சொல்லக்குள்ள ஊருக்கே கேட்டிச்சி" என்றார் ராத்தா. "அந்தச் சத்தத்துல சொல்லுங்க."

முப்பத்தெட்டுச் சஹன்களைச் சுற்றியிருந்த பெண்களும் மடியில் இருந்த பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, உம்முஹானி மாமி தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தரம் சொன்னார். கடைசிச் சஹனில் இருந்த நால்வருக்கும் அது கேட்டது.